ஒய்தா: கிரேக்கம் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இறையியல் கல்லூரிகளில் இந்த ஆண்டு புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கையருக்கு,

இந்நேரம் 'லுஓ' என்ற வினையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். கட்டவிழ்க்கிறேன், கட்டவிழ்க்கிறாய், கட்டவிழ்க்கிறான் என்று வகுப்பே சேர்ந்து சொல்லிச் சொல்லி, கிரேக்க வினைகள் எல்லாமே இப்படி வரிசையில் நிற்கும் என்று ஒரு நம்பிக்கையும் பிறந்திருக்கும். அந்த வரிசையில் நிற்க மறுக்கும் ஒரு வினையைப் பற்றித்தான் இந்த மடல். அதன் பெயர் 'ஒய்தா'. 'செய்தார்' என்று சொல்லும்போது 'தா' எப்படி ஒலிக்கிறதோ அப்படியே ஒலியுங்கள். பொருள், 'எனக்குத் தெரியும்'. புதிய ஏற்பாட்டில் 300 தடவைக்கு மேல் வருவதால் இதை ஒதுக்கிவிட்டுப் போகவும் வழியில்லை.

இப்போது எழுதக் காரணம் உண்டு. பிரசங்கபீடத்திலிருந்தோ, பிரசங்கத் துணைநூல்களிலிருந்தோ ஒரு செய்தி விரைவில் உங்கள் காதுக்கு வரும். கிரேக்கத்தில் அறிதலுக்கு இரண்டு சொற்கள் உண்டு, 'கினோஸ்கோ' என்பது அனுபவத்தால் படிப்படியாகச் சேரும் அறிவு, 'ஒய்தா' என்பது உள்ளுக்குள்ளேயே முழுமையாக இருக்கும் அறிவு, ஆகையால் ஒய்தா வரும் இடமெல்லாம் ஆழமான ஆவிக்குரிய அறிவு என்று சொல்லுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். சபையார் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். நாளைக்கு நீங்களும் சொல்லுவீர்கள். சொல்லுவதற்கு முன்னால் அந்த வினையின் வடிவங்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இரண்டு வினைகளுக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி இலக்கண வடிவத்தில் கிடக்கிறது. அதை இறையியல் என்று எண்ணி நாம் பொதிகட்டித் தூக்கிக்கொண்டு போகிறோம்.

முதலில் பிறப்பு. ஒய்தா என்பது பர்ஃபெக்ட் வடிவம். 'பார்' என்று பொருள்படும் ஒரு பழைய வேரின் பர்ஃபெக்ட். கிரேக்க பர்ஃபெக்ட் ஒரு செயல் முடிந்து அதனால் உண்டான நிலையைச் சொல்லும். 'இறந்தான்' என்பதன் பர்ஃபெக்ட்டுக்கு 'பிணமாகக் கிடக்கிறான்' என்று பொருள். 'எழுந்து நின்றான்' என்பதன் பர்ஃபெக்ட்டுக்கு 'நிற்கிறான்' என்று பொருள். அதே கணக்கில் 'பார்த்து முடித்தேன்' என்பதற்கு 'இப்போது எனக்குத் தெரியும்' என்று பொருள் வந்தது. வடிவம் பர்ஃபெக்ட், பொருள் நிகழ்காலம். இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஜெர்மனியப் பேராசிரியர் யாரும் தேவையில்லை. 'மலை தெரிகிறது' என்றால் கண்ணுக்குப் படுகிறது. 'எனக்குத் தெரியும்' என்றால் அறிவேன். வடிவத்தில் 'தெரியும்' எதிர்காலம், 'மழை பெய்யும்' என்பது போல. பொருளிலோ இந்த நிமிடத்து நிலை. பார்வையில் தொடங்கி அறிவில் வந்து நின்ற வினை, தனக்குரியதல்லாத ஒரு காலத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பது இரண்டு மொழியிலும் நடந்திருக்கிறது. கிரேக்கமும் தமிழும் உறவு மொழிகள் அல்ல. தனித்தனியே நடந்தது.

உறவு வேறு இடத்தில் இருக்கிறது. கிரேக்க பர்ஃபெக்ட் வழக்கமாக முதல் மெய்யை இரட்டித்து வரும். 'லுஓ' 'லெலுகா' ஆவதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஒய்தாவில் அந்த இரட்டிப்பு இல்லை. சமஸ்கிருதத்தில் இதற்கு நேர் உடன்பிறப்பான 'வேத' என்ற வினையிலும் இல்லை. ஒருமையில் ஒய்தா, ஒய்ஸ்தா, ஒய்தெ என்று கிரேக்கம் சொன்னால், வேத, வேத்த, வேத என்று சமஸ்கிருதம் சொல்லும். இரண்டாவது வடிவத்தின் ஈறு இரண்டிலும் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். பன்மைக்கு வந்ததும் உயிரெழுத்து சுருங்குகிறது: கிரேக்கத்தில் இஸ்மென், இஸ்தெ, இசாசி, சமஸ்கிருதத்தில் வித்ம என்று தொடங்கும். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'நான் அறிவேன்' என்பதற்கு 'வைஸ்', 'நாங்கள் அறிவோம்' என்பதற்கு 'விஸன்'. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஓர் உயிர்மாற்றம் மூன்று மொழிகளிலும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆக, ஒய்தா ஒழுங்கற்ற வினை என்று பாடநூல் சொல்வதை முழுக்க நம்பாதீர்கள். மற்ற வினைகளின் ஒழுங்கு உண்டாவதற்கு முந்திய ஓர் ஒழுங்கில் அது நிற்கிறது.

சமஸ்கிருதத்தைத் தொட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாம் கையில் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போகும் புத்தகத்தை 'வேதம்' என்கிறோம். அந்தச் சொல்லும் இதே வேரில் பிறந்தது. தமிழ்ப் புலவர்களுக்குப் பட்டமாக இருந்த 'வித்துவான்' என்பது சமஸ்கிருதத்தில் இந்த வினையின் பார்ட்டிசிபிள், 'அறிந்தவன்'. கிரேக்கத்தில் அதற்கு நேர் ஒத்த வடிவம் 'எய்தோஸ்'. தயவுசெய்து இதை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிவிடாதீர்கள். வேர் ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. மாணவர்களுக்கு நினைவில் நிற்கட்டும் என்பதற்காகச் சொன்னேன், அவ்வளவுதான்.

சமஸ்கிருதத்திலும் ஜெர்மனிலும் தொடக்கத்தில் இருக்கும் வகர ஒலி கிரேக்கத்தில் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இருந்தது. அந்த எழுத்துக்குப் பிற்கால இலக்கணிகள் வைத்த பெயர் 'டிகம்மா'. ஏதென்ஸ்காரர்கள் நாவிலிருந்து அது முன்பே உதிர்ந்துவிட்டது. ஹோமரின் பாடத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் யாப்பு காட்டிக்கொடுத்தது. இரண்டு உயிர்கள் ஒட்டி வந்தால் முன்னது கெட வேண்டிய இடத்தில், இந்த வினைக்கு முன்னால் கெடாமல் நின்றது. நடுவே ஒரு மெய் இருந்து மறைந்திருந்தால்தான் அது நடக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிச்சர்ட் பென்ட்லி இதைக் கண்டுபிடித்தார். போயோட்டியா நாட்டுக் கல்வெட்டுகளில் சாட்சிகளைக் குறிக்கும் 'விஸ்தோரெஸ்' என்ற சொல்லில் அந்த வகரம் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. அறிந்தவர்கள், ஆகவே சாட்சிகள். வகரம் போன பிறகு அதன் ஒருமை 'ஹிஸ்தோர்'. ஏரொதொத்துஸ் தன் நூலுக்குச் சூட்டிக்கொண்ட 'ஹிஸ்தோரியே', உலக மொழிகள் பலவற்றில் வரலாற்றுக்கு வழங்கும் சொல், எல்லாம் அதன் வழி வந்தவை.

இனி நீங்கள் படிக்கப்போகும் கிரேக்கத்துக்கு வருகிறேன். ஹோமருக்கும் பிளேட்டோவுக்கும் உரிய அந்த உயிர்மாற்றம் சந்தைப் பேச்சில் நெடுநாள் தாங்கவில்லை. அலெக்சாண்டருக்குப் பின் கீழைக் கடற்கரை முழுதும் பரவிய பொதுக்கிரேக்கத்தைப் பேசியவர்களில் பலருக்கு அது தாய்மொழி அல்ல. ஒருமையில் ஒரு வடிவம், பன்மையில் ஒரு வடிவம் என்று நினைவு வைத்துக்கொள்ள அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஒய்தா என்பதையே எல்லா இடத்துக்கும் நீட்டிவிட்டார்கள். ஒய்ஸ்தா இருந்த இடத்தில் ஒய்தாஸ், இஸ்மென் இருந்த இடத்தில் ஒய்தமென், பிறகு ஒய்ததெ, ஒய்தாசின். புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் இவைதான். உங்களுக்கு வேலை மிச்சம். இறந்தகாலத்துக்கு மட்டும் 'ஏதெய்ன்' என்ற வரிசையைத் தனியாகக் கற்க வேண்டும். வடிவத்தில் அது புளூபர்ஃபெக்ட், பொருளில் வெறும் 'தெரிந்திருந்தது'. யோவான் ஸ்நானகன் இயேசுவைக் குறித்துத் தனக்குத் தெரியாதிருந்தது என்று இரண்டு முறை சொல்லும் இடத்தில் (யோவான் 1:31, 33) அதைப் பார்ப்பீர்கள்.

பழைய வடிவங்கள் அடியோடு ஒழியவில்லை. 'இசாசி' என்ற பழம்பன்மை புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 26:4. பவுல் அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால் நின்று தன் வழக்கைச் சொல்லும் பேச்சு அது. ராஜசபை, பெரிய மனிதர்கள், கைநீட்டிப் பேசும் பேச்சாளன். அந்த இடத்தில் பவுலின் வாயில் சந்தைக் கிரேக்கத்தை வைக்க லூக்காவுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். நம் ஊரில் மேடை ஏறியதும் 'தெரியும்' 'அறிவார்கள்' ஆகிவிடுகிறதல்லவா? மொழிபெயர்ப்பில் இது கரைந்துபோகும். கிரேக்கம் படித்தவருக்கு மட்டும் கிடைக்கும் சின்னச் சின்ன லாபங்களில் இது ஒன்று, ஆவிக்குரிய மேன்மை எதையும் சேர்க்காமலே ரசிக்கத்தக்கது.

குழப்பும் வடிவங்களையும் சொல்லிவிடுகிறேன். 'இஸ்தி' என்றால் 'அறிந்துகொள்' என்றும் பொருள், 'இரு' என்றும் பொருள். இரண்டு வினைகளின் ஏவல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டது. குழந்தையோடும் தாயோடும் எகிப்துக்கு ஓடிப்போய் நான் சொல்லும்வரை அங்கே இரு என்று தூதன் யோசேப்புக்குச் சொல்லும் இடத்தில் (மத்தேயு 2:13) ஒரு மாணவர் 'அங்கே அறிந்துகொள்' என்று எழுதினால் அவரை அதிகம் திட்ட முடியாது. இலக்கணப்படி தப்பில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் 'பார்' என்ற வினையின் அயோரிஸ்ட்டோடு, அதாவது ஒரு செயல் நிகழ்ந்ததை முழுதாகச் சொல்லும் வடிவத்தோடு. 'பார்த்தேன்' என்பது 'எய்தொன்', 'பார்த்து' என்பது 'இதோன்'. 'அறிந்து' என்பது 'எய்தோஸ்'. வேர் ஒன்றே என்பதால் இந்த நெருக்கம். உச்சரிப்பு மாறிய பிறகு கதை இன்னும் மோசமாகியது. 'எய்' என்ற இணையுயிர் புதிய ஏற்பாட்டுக் காலத்தில் வெறும் 'இ'யாகத் தேய்ந்துவிட்டதால், எய்தோஸ் காதில் 'இதோஸ்' என்றே விழும். ஒருவர் வாசிக்கப் பலர் எழுதிய இடத்தில் என்ன ஆகும்? மத்தேயு 9:4இல் வேதபாரகரின் நினைவுகளை இயேசு 'பார்த்து' என்று சில கையெழுத்துப்படிகளும் 'அறிந்து' என்று சில கையெழுத்துப்படிகளும் சொல்கின்றன. 12:25இலும் இதே தடுமாற்றம் உண்டு. எண்ணத்தைப் பார்க்க முடியுமா, அறியத்தானே முடியும் என்று நினைத்துத் திருத்திய எழுத்தரும் இருந்திருப்பார். காது ஏமாற்றியவரும் இருந்திருப்பார். எது மூலப்பாடம் என்று தீர்மானிக்கும் வேலை ஒருநாள் உங்களுக்கும் வரலாம்.

வடிவங்கள் இவ்வளவு. பொருளுக்கு வரும்போது, வேரைத் தோண்டுவதை விட்டுவிட்டு அது யாரோடு சேர்ந்து வருகிறது என்று கவனிக்கச் சொல்லுவேன். ஒய்தாவுக்குப் பின்னால் வெறும் பெயர் வந்தால் ஆளைத் தெரியும், பொருளைத் தெரியும். 'ஹொதி' வந்தால் 'இன்னது நடந்ததென்று தெரியும்'. பழைய ஏதென்ஸ் வழக்கில் ஹொதிக்குப் பதிலாக ஒரு பார்ட்டிசிபிளை வைப்பார்கள், 'அவனை எடுத்துக்கொள்ளப்பட்டவனாக அறிவேன்' என்பது போல. 2 கொரிந்தியர் 12:2இல் மூன்றாம் வானம்வரை போன மனிதனைப் பற்றிப் பவுல் அந்த அமைப்பில்தான் பேசுகிறார். ஆனால் பின்னால் செயவென் எச்சம் வந்தால் பொருளே மாறிவிடும்: 'செய்யத் தெரியும்'. பிள்ளைகளுக்கு நல்லவற்றைக் கொடுக்கத் தெரிந்த பெற்றோர் (மத்தேயு 7:11), வானத்தின் முகத்தைப் பார்த்து வானிலை சொல்லத் தெரிந்த ஜனங்கள் (லூக்கா 12:56) எல்லாம் இந்த அமைப்பு. நீந்தத் தெரியும், சமைக்கத் தெரியும் என்று நாம் சொல்வதும் அச்சு அசல் இதே அமைப்பு என்பதைக் கவனியுங்கள். பிலிப்பியர் 4:12இல் பவுல் தாழ்வையும் நிறைவையும் பற்றிச் சொல்லும்போது ஒய்தாவுக்குப் பின் செயவென் எச்சம் வைக்கிறார். நம் பழைய திருப்புதலின் மொழிபெயர்ப்பாளர்கள் பல இடங்களில் 'அறி'யைப் போட்டவர்கள், அந்த வசனத்தில் சட்டென்று 'தெரியும்' என்று மாறினார்கள். கிரேக்க இலக்கணத்தையும் தமிழ்க் காதையும் ஒருசேர வைத்திருந்தவர்கள் செய்த வேலை அது. அவர்களை நாம் போதுமான அளவு பாராட்டுவதில்லை.

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 4:4இல் ஒய்தாவின் வடிவமான 'எய்தெனாய்' ஒரு செயவென் எச்சத்தோடு வந்து 'தெரிந்திருக்க வேண்டும்' என்று திறமையைச் சொல்கிறது. அடுத்த வசனத்திலேயே தேவனை அறியாத புறஜாதியார் என்று பெயரோடு வருகிறது. 5:12இல் உங்களுக்குள்ளே பாடுபடுகிறவர்களை 'எய்தெனாய்' என்று வருகிறது. அங்கே 'அறிய வேண்டும்' என்று மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. அவர்கள் யாரென்று சபைக்கு முன்பே தெரியும். 'மதித்து நடக்க வேண்டும்' என்பதே கருத்து. ஒரே எழுத்தாளர், ஒரே கடிதம், மூன்று பொருள். உள்ளுணர்வால் வரும் முழுமையான அறிவு இந்த மூன்றில் எங்கே?

ஹோமரிடம் இன்னும் வியப்பான ஒரு வழக்கு உண்டு. அங்கே ஒருவன் எதை 'அறிவான்' என்பது அவன் குணத்தைச் சொல்லும். இலியத்தின் கடைசிப் பாடலில் ஹெக்தோரின் சடலத்தை இழுத்துக்கொண்டு திரியும் அகிலெஸைப் பற்றி அப்பொல்லோ தேவன், சிங்கத்தைப் போலக் கொடுமைகளை 'அறிந்தவன்' என்று குற்றம் சாட்டுகிறான். ஒதிசியில் ஒற்றைக்கண் அரக்கன் முறைகேடுகளை 'அறிந்தவன்', வளர்ப்புத்தாய் எவ்ரிக்ளேயா நல்லவற்றை 'அறிந்தவள்'. கிரேக்கர்கள் ஒழுக்கத்தை அறிவாகவே கண்டார்கள் என்று இதை வைத்துத் தத்துவம் பேசியவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. 'சூதுவாது தெரியாத பிள்ளை' என்று ஒரு பாட்டி சொன்னால், அந்தப் பிள்ளைக்குச் சூது என்ற பாடம் நடத்தப்படவில்லை என்று நாம் பொருள் கொள்வதில்லையே.

இலியத்தின் இரண்டாம் பாடலில் கப்பல்களின் பட்டியலைத் தொடங்குமுன் கவிஞர் கலைத்தேவியரை அழைக்கும் இடம் மட்டும் வேறு. நீங்கள் தேவியர், எங்கும் உடனிருக்கிறீர்கள், ஆகவே எல்லாம் உங்களுக்குத் தெரியும். நாங்களோ செய்தியைக் காதால் கேட்பவர்கள், ஒன்றும் தெரியாதவர்கள் என்கிறார். 'இஸ்தெ' என்று தேவியருக்கு, 'இத்மென்' என்று தனக்கு எதிர்மறையில். உடனிருந்து கண்டவருக்கே ஒய்தா, கேள்விப்பட்டவருக்கு இல்லை. வேரின் பழைய பார்வைப் பொருள் அங்கே இன்னும் சுவாசிக்கிறது. அதை நமக்குச் சொல்வது அகராதியின் வேர்க்குறிப்பு அல்ல என்பதையும் பாருங்கள். உடனிருத்தலையும் கேட்டலையும் கவிஞர் பக்கத்தில் வைத்திருக்கிறார், அதனால் தெரிகிறது.

இனி கினோஸ்கோ. இந்த மடலின் கனமான பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒய்தா ஒரு நிலையை மட்டும் சொல்லும் வினை. அதற்கு அயோரிஸ்ட் கிடையாது. செயப்பாட்டு வடிவமும் கிடையாது. 'தெரிந்துகொண்டான்', 'கண்டுபிடித்தான்', 'அறியப்பட்டான்' என்று கிரேக்கத்தில் சொல்ல வேண்டுமானால், எழுதுகிறவர் எவ்வளவு ஆவிக்குரியவராக இருந்தாலும், கினோஸ்கோவிடம் போயே ஆக வேண்டும். அதன் அயோரிஸ்ட் 'எக்னோன்'. கடைக்காரரிடம் ஒரு சரக்குதான் இருக்கிறது என்றால் அதை வாங்கியதை வைத்து வாங்கியவரின் ரசனையை எடைபோட முடியாது.

மத்தேயுவில் இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 7:23இல் அக்கிரமச் செய்கைக்காரரைப் பார்த்து ஒருக்காலும் உங்களை அறிந்ததில்லை என்று கர்த்தர் சொல்லுவதற்கு 'எக்னோன்'. 25:12இல் கதவு அடைக்கப்பட்ட கன்னிகைகளைப் பார்த்து உங்களை அறியேன் என்று மணவாளன் சொல்லுவதற்கு 'ஒய்தா'. நிராகரிப்பு ஒன்றே, கடுமை ஒன்றே. முதலாவதில் 'ஒருக்காலும்' என்று கடந்த காலம் முழுவதையும் மடக்கிச் சொல்ல அயோரிஸ்ட் வேண்டியிருந்தது. அது ஒய்தாவிடம் இல்லை. இரண்டாவதில் இந்தக் கணத்து நிலை போதும், ஒய்தா வந்தது. முதல் கூட்டத்தாரை அனுபவத்தால் அறியவில்லை, இரண்டாம் கூட்டத்தாரை உள்ளுணர்வால் அறியவில்லை என்று ஒருவர் பிரசங்கித்தால் அந்தக் கன்னிகைகளே சிரித்துவிடுவார்கள்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான வசனம் உண்டு, மறைக்க மாட்டேன். கலாத்தியர் 4:8, 9. முன்பு நீங்கள் தேவனை அறியாமலிருந்தீர்கள் என்னும் இடத்தில் ஒய்தா. இப்போது தேவனை அறிந்து, அதைவிடத் தேவனாலே அறியப்பட்டு என்னும் இடங்களில் கினோஸ்கோ. 19ஆம் நூற்றாண்டில் லைட்ஃபுட் போன்ற பெரிய அறிஞரே இதை வைத்து இரு வினைகளையும் பிரித்துப் பேசினார். அவரை மதிக்கிறேன். ஆனாலும் வடிவங்களைப் பாருங்கள். 'அறியாமலிருந்தீர்கள்' என்பது நிலை. 'அறிந்து' என்பது அங்கே ஒரு திருப்பம், மாற்றம், அதாவது அயோரிஸ்ட். 'அறியப்பட்டு' என்பது செயப்பாட்டுவினை. பவுலுக்கு வேறு கதவு இருந்ததா? மொய்செஸ் சில்வா 1980இல் பவுலின் சொல்தேர்வைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் திசையில் நன்றாக வழிகாட்டும். வேரையும் சொல்லையும் வைத்து இறையியல் கட்டும் வழக்கத்தையே பொதுவாக உலுக்கிய நூல் ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்டது. உங்கள் நூலகத்தில் இருக்கும், தூசி தட்டி எடுங்கள்.

இரண்டு வினைக்கும் வடிவம் கிடைக்கும் இடங்களில் என்ன செய்வது? அங்கேதான் உண்மையான கேள்வி எழும். 1 கொரிந்தியர் 2:11இல் மனிதனுக்குரியவை என்ற பாதியில் ஒய்தா, தேவனுக்குரியவை என்ற பாதியில் கினோஸ்கோவின் பர்ஃபெக்ட். வேறுபாடு வேண்டுமென்றே வைத்ததா, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் மாற்றிச் சொன்னதா என்று அங்கே விவாதிக்கலாம். பிரசங்கிகள் சொல்லும் கணக்குப்படி பார்த்தால் ஒய்தா தேவனுடைய பாதிக்கல்லவா போயிருக்க வேண்டும்? யோவான் 21:17இலும் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. பேதுரு துக்கப்பட்டு, எல்லாவற்றையும் நீர் 'ஒய்தாஸ்', நான் உம்மை நேசிப்பதை நீர் 'கினோஸ்கெய்ஸ்' என்கிறார். முந்திய இரண்டு வசனங்களில் அதே நேசத்தைப் பற்றி 'ஒய்தாஸ்' என்றே சொன்னவர் அவர். ஆட்டுக்குட்டிகளை ஆடுகள் என்றும், மேய்த்தலை வேறொரு சொல்லால் மேய்த்தல் என்றும் அந்தப் பகுதி முழுதும் யோவான் சொல்மாற்றிக்கொண்டே போகிறார். நம் பழைய திருப்புதல் இரண்டுக்கும் 'அறிவீர்' என்றே போட்டது. பாமரத்தனம் என்று அதை நினைக்க வேண்டாம். நான் அவர்கள் பக்கம்.

பார்வையையும் அறிவையும் சேர்த்துப் பிரசங்கிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு யோவான் 9ஆம் அதிகாரம் இருக்கிறது. அங்கே ஒய்தா 11 முறை வருகிறது. பிறவிக் குருடனாயிருந்தவனின் பெற்றோர் இவன் எங்கள் மகன் என்று தெரியும், எப்படிப் பார்வை வந்தது என்று தெரியாது என்று நழுவுகிறார்கள். பரிசேயர் இந்த மனுஷன் பாவி என்று எங்களுக்குத் தெரியும் என்கிறார்கள். மோசேயோடு தேவன் பேசினது தெரியும் என்கிறார்கள். அவனோ, அவர் பாவியா என்று எனக்குத் தெரியாது, ஒன்று தெரியும் என்கிறான். 'தெரியும்' 'தெரியாது' என்று எல்லோரும் வழக்காடும் அந்த அதிகாரத்தில் பார்த்தலுக்கு அவன் சொல்லும் வினை 'பிளெபோ'. ஒய்தாவின் வேருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பார்வைக்கும் அறிவுக்கும் உள்ள முடிச்சை யோவான் கதையைக் கொண்டே போட்டார், வேரைக் கொண்டு அல்ல. சோபொக்கிளெஸும் ஒய்திபூஸ் அரசனின் நாடகத்தில் கண் இருந்தும் அறியாத அரசனையும் கண் இழந்தும் அறிந்த தெய்ரெசியாஸையும் எதிரெதிரே நிறுத்தி, அரசனின் பெயரில் ஒய்தாவின் ஒலி கேட்கும்படி விளையாடினார். அந்தப் பெயருக்கு நேர்ப்பொருள் 'வீங்கிய கால்'. ஒலி ஒற்றுமை என்று தெரிந்தே செய்த விளையாட்டு. வேராராய்ச்சி என்று அவர் சாதிக்கவில்லை.

இன்றைய கிரேக்கர்கள் தெரியும் என்பதற்கு 'க்ஸெரோ' என்கிறார்கள். ஒய்தா பேச்சிலிருந்து போய்விட்டது. 'கர்த்தருக்குத்தான் வெளிச்சம்' என்று நாம் கைவிரிக்கும் இடத்தில் மட்டும் 'கீரியோஸ் ஈதெ' என்று அவர்கள் வாயில் அது இன்னும் வருகிறது. ஹோமரிலிருந்து கணக்கிட்டால் ஒரு வினைக்கு இது நல்ல ஆயுள்.

கடைசியாக வீட்டுவேலை. 'இஸ்தெ' என்ற பழம்பன்மை உங்கள் ஏற்பாட்டில் எபேசியர் 5:5, எபிரெயர் 12:17, யாக்கோபு 1:19 ஆகிய இடங்களில் வரும். அது 'அறிந்திருக்கிறீர்கள்' என்றும் இருக்கலாம், 'அறிந்துகொள்ளுங்கள்' என்றும் இருக்கலாம், வடிவம் ஒன்றே. யாக்கோபில் பழைய திருப்புதல் 'ஆகையால்' என்று தொடங்குவதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். அவர்கள் கையில் இருந்த பாடத்தில் 'இஸ்தெ' இல்லை, 'ஹோஸ்தெ' இருந்தது. எபேசியரிலும் சில பிரதிகள் 'இஸ்தெ'யை 'எஸ்தெ' என்று, அதாவது 'இருக்கிறீர்கள்' என்று எழுதியிருக்கின்றன. அந்த எபேசியர் வசனத்தில் 'இஸ்தெ'க்கு அடுத்த சொல்லே கினோஸ்கோவின் பார்ட்டிசிபிள். இரண்டு வினையும் தோளோடு தோள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் 1 சாமுவேல் 20:3ஐயும் எடுத்துப் பாருங்கள். யோனத்தானின் தகப்பனுக்கு நன்றாய்த் தெரியும் என்று தாவீது சொல்லும் இடம். எபிரெயத்தில் 'யாதா' என்ற ஒரே வினை அழுத்தத்துக்காக இரட்டித்து வருகிறது. மொழிபெயர்த்தவர்கள் ஒரு தடவைக்குக் கினோஸ்கோவும் மறுதடவைக்கு ஒய்தாவும் போட்டிருக்கிறார்கள். மூன்று 'இஸ்தெ'க்களையும் பகுத்து, ஏவலா அல்லவா என்று காரணத்தோடு எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் வேறு விடை சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம், முன்பின் வசனங்களைக் காட்டி வாதாடுங்கள்.

அன்புடன்,
கிரேக்கம் கற்பித்து ஓய்ந்த ஒருவர்